ஒயர்மேன் பதில்கள்: படகு பேட்டரியும் வீட்டு பிளக்கும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கரையில் நிற்கும். பேட்டரி வீட்டுக்கு வந்துவிடும். ஃபைபர் படகுக்காரர்கள் வீட்டிலோ வருஷம் முழுக்க இதே கதைதான். ஜி.பி.எஸ்., வயர்லெஸ், கடல் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், லைட் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பேட்டரி, அதற்கு வீட்டு பிளக். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்ததால், மிக்ஸி, கிரைண்டர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பேட்டரி சார்ஜ் போட்டும் மோட்டார் காயில் கட்டியும் தலை நரைத்தவனுக்கு இது பிடித்த விஷயமும்கூட.

என் வீட்டுக்காரர் படகு பேட்டரியை ராத்திரி வீட்டு நடையில், சாமி மாடத்துக்குக் கீழே வைத்து சார்ஜ் போடுகிறார். பிள்ளைகள் தொடக்கூடாது என்று மரப்பெட்டியால் மூடிவிடுவார். விடியற்காலையில் நான் அங்கேதான் விளக்கேற்றுகிறேன். பயமாக இருக்கிறது என்றால், “பன்னிரண்டு வோல்ட் என்ன செய்யும்?” என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். (ஒரு வாசகி, வேதாரண்யம்)

சொல்கிறேன் அம்மா. இந்தப் பக்கத்தைக் கிழித்து, அவர் சாப்பிட உட்காரும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

பன்னிரண்டு வோல்ட் காய்ந்த கையை ஒன்றும் செய்யாது, அது சரிதான். ஆனால் பேட்டரி ஆபத்து வோல்ட்டில் மட்டும் இல்லை. பேட்டரி நிறைந்து வரும்போது, 14 வோல்ட்டைத் தாண்டியதும், உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாக வெளியே வரும். மூடியைத் திறந்து பார்த்தால் சோடா மாதிரி பொங்குவது அதுதான். ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே போதும், ஒரு பொறியில் வெடிக்கும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் வைத்திருப்பது தானாக நிற்காத பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி நிறைந்த பிறகும் 5 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால், அதன் ஆறு செல்லிலிருந்தும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13, 14 லிட்டர் ஹைட்ரஜன் வரும். வீட்டு நடை முழுவதும் நிரம்ப இது போதாது. இரண்டடிக்கு ஒன்றரை அடி, ஓரடி உயரம் உள்ள மரப்பெட்டி நிரம்ப? அதன் கொள்ளளவே 85 லிட்டர்தான். அதில் 4 சதவீதம் மூன்றரை லிட்டர்கூட இல்லை. கால் மணி நேரத்தில் பெட்டிக்குள் வெடிக்கும் அளவுக்கு வாயு சேர்ந்துவிடும். பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்ட மூடிதான் இங்கே முதல் எதிரி. விடிந்ததும் அவர் பெட்டியைத் தூக்குகிறார், மேலே நீங்கள் தீக்குச்சி கிழிக்கிறீர்கள். ஹைட்ரஜன் மேலேதான் போகும் அம்மா, உங்கள் மாடத்தை நோக்கி. வெடித்தால் நெருப்போடு நிற்காது. பேட்டரி மேல்மூடி சிதறி, ஆசிட் முகத்துக்கு வரும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பேட்டரியைத் தாழ்வாரத்துக்கோ திண்ணைக்கோ கொண்டுபோங்கள். மேலே மழை மறைப்பு இருக்கட்டும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். கீற்றுக் கொட்டகை வேண்டாம். அடுப்படி, குளியலறை, கட்டிலுக்கு அடி, ஏ.சி. போட்டு மூடிய அறை எதுவும் வேண்டாம். பக்கத்தில் பீடியும் கொசுவத்தியும் கூடாது. பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க, பக்கமெல்லாம் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் மீன் கிரேட்டைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வையுங்கள். காற்று போகும், கை போகாது, பிளாஸ்டிக் என்பதால் டெர்மினலில் பட்டாலும் ஷார்ட் ஆகாது.

அப்புறம், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதை விட்டுவிட்டுப் பகலில் போடச் சொல்லுங்கள். பேட்டரி கொள்ளளவான ஆம்பியர்-அவரில் (ஏ.ஹெச்.) பத்தில் ஒரு பங்கு கரண்ட் ஏற்றலாம் என்பது பழைய கணக்கு: 80 ஏ.ஹெச். பேட்டரிக்கு 8 ஆம்பியர். அதற்கு மேல் ஏற்றினால் சீக்கிரம் நிறையும் என்பது உண்மை, சீக்கிரம் சாகும் என்பதும் உண்மை. சார்ஜரை எடுத்துவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6, 12.7 காட்டினால் நிறைந்துவிட்டது. சார்ஜ் போடும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஏதோ ஒரு செல் கெட்டுக் கொதிக்கிறது என்று அர்த்தம். உடனே சுவரில் ஸ்விட்சை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுங்கள். ஓடிப்போய் கிளிப்பைப் பிடுங்கக் கூடாது.

ஏன் கிளிப்பைப் பிடுங்கக் கூடாது என்கிறீர்கள்? நான் எப்போதும் கிளிப்பைத்தான் முதலில் எடுப்பேன். கொஞ்சம் பொறி பறக்கும், அவ்வளவுதான். (பழவேற்காட்டிலிருந்து ஒரு தம்பி, வேறு கடிதத்தில் கேட்டது; இங்கே பொருந்துகிறது)

அந்தக் “கொஞ்சம் பொறி” எந்த இடத்தில் பறக்கிறது என்று பாருங்கள் தம்பி. வாயு வெளியே வரும் மூடிக்கு ஒரு சாண் தூரத்தில். வாயு அதிகம் வருவது எப்போது? பேட்டரி நிறைந்த நேரத்தில், அதாவது நீங்கள் கிளிப்பை எடுக்கப்போகும் அதே நேரத்தில்.

மாட்டும்போது பேட்டரியில் பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ், கடைசியில் சுவர் ஸ்விட்ச். கழற்றும்போது முதலில் சுவர் ஸ்விட்ச், பத்து நிமிஷம் காற்றாட விட்டு, நெகட்டிவ், கடைசியில் பாசிட்டிவ். இதை மாற்றவே கூடாது.

பொறி என்றதும் இன்னொன்று. ஸ்பானர் வழுக்கி இரண்டு டெர்மினலையும் ஒன்றாகத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பானர் அங்கேயே ஒட்டிக்கொண்டு பழுத்துவிடும். அந்த இடத்தில் விரலில் மோதிரமோ கையில் காப்போ இருந்தால், உலோகம் பழுக்கும்போது உள்ளே விரல் இருக்கும். ஷாக் அடிக்காத பன்னிரண்டு வோல்ட் செய்கிற வேலை இது. பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். ஸ்பானர் பிடியில் இன்சுலேஷன் டேப்பை நன்றாகச் சுற்றிவையுங்கள், வாய் மட்டும் வெளியே தெரிந்தால் போதும்.

சார்ஜரைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றும் இல்லை. அதனால் வீட்டில் எல்லோரையும் செருப்பு போடச் சொல்லிவிட்டேன். போதுமா? (ஒரு வாசகர், பாம்பன்)

போதாது ஐயா. இன்றே சார்ஜரை பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு மேலே படியுங்கள். இந்த மாதக் கடிதங்களில் என் தூக்கத்தைக் கெடுத்தது உங்களுடையதுதான்.

தகரப் பெட்டி சார்ஜருக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஒரு பக்கம் 230 வோல்ட் காயில், மறுபக்கம் பேட்டரிக்குப் போகும் காயில், நடுவில் இரும்புக் கோர். அந்தக் கோரைப் பெட்டித் தகரத்தோடு போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். கடல் காற்றில் உப்பு படிந்து, ஈரம் ஏறி, காயிலுக்கும் கோருக்கும் நடுவில் இருக்கும் காகிதமும் வார்னிஷும் பலவீனமானால், 230 வோல்ட் தகரத்துக்கு வந்துவிடும். எர்த் ஒயர் ஒழுங்காக இருந்தால் அது அந்த வழியாகப் போய் ஃபியூஸை எரித்துவிடும். உங்கள் வீட்டில் போகவில்லை. உங்கள் வழியாகப் போகிறது. இன்று சுர்ரென்று இருப்பது, ஒரு மழை நாளில் வெறுங்காலோடு, உப்பு ஈரக் கையோடு தொடும்போது அப்படியே இருக்காது. இரண்டு காயில்களுக்கும் நடுவில் இன்சுலேஷன் போனால் இன்னும் மோசம்: பேட்டரி கிளிப்பிலேயே வீட்டுக் கரண்ட் நிற்கும். பன்னிரண்டு வோல்ட் என்று நம்பித்தான் எல்லோரும் அதைத் தொடுவோம்.

உங்கள் சார்ஜர் நவீன மாடலாக இருந்தால், எர்த் இல்லாதபோது உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கசிவு வந்து சுர்ரென்பதும் உண்டு. இது அந்தச் சுர்ரா இந்தச் சுர்ரா என்று விரலால் கண்டுபிடிக்க முடியாது. இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது எர்த்.

பிளக்கைப் பாருங்கள். மூன்று முள் இருக்கிறதா? தடித்த முள்ளை யாராவது உடைத்துப் போட்டிருக்கிறார்களா? பிளக்கைத் திறந்தால் பச்சை ஒயர் மாட்டியிருக்கிறதா, இல்லை வெட்டிச் சுருட்டி வைத்திருக்கிறார்களா? அடுத்தது வீட்டு எர்த். கடலோர வீடுகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு ஒன்று: எர்த் பைப் நன்றாக இருக்கும், ஒயரும் நன்றாக இருக்கும், இரண்டும் சேரும் கிளாம்ப் துருவேறி மாவாகக் கையோடு வரும். மண்ணைத் தள்ளிப் பார்க்காத வரை யாருக்கும் தெரியாது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்ட் லேம்ப் வைத்து நீங்களே முயற்சி செய்ய வேண்டாம்.

அப்படியே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே விழும் ஸ்விட்ச்) ஒன்று போட்டுவிடுங்கள். “எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே” என்பார்கள். எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்தால் விழும் ஸ்விட்ச்; அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டிய கரண்ட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு உடம்பில் பாய்ந்தாலே உயிர் போகலாம்; அந்த இடத்தில் வேலை செய்வது ஆர்.சி.சி.பி.தான். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

செருப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

அலையில் படகு கவிழ்ந்து பேட்டரி கடலில் முங்கிவிட்டது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்திருக்கிறேன். சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா? (ஒரு வாசகர், தரங்கம்பாடி)

வீட்டில் போடவே கூடாது. செல்லுக்குள் உப்புத் தண்ணீர் போயிருந்தால், சார்ஜ் ஏற்றும்போது குளோரின் வாயு வரும். பிளீச்சிங் பவுடர் நெடி தெரியுமே, அதுவே பல மடங்கு, மூச்சுக்குழாயை எரித்துவிடும். ஹைட்ரஜன் மேலே போகும் என்றேன். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், கீழே தங்கும். பாயில் படுத்திருப்பவர் உயரத்தில்.

உள்ளே போயிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மூடிகளைத் திறந்து அளவைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி நின்றால் கடல் உள்ளே வந்திருக்கிறது. அளவு குறைந்திருந்தாலும் சந்தேகம்தான், கவிழ்ந்தபோது ஆசிட் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் புகுந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் பேட்டரிக் கடையில் கொடுத்து, “கடலில் விழுந்தது” என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே இருக்கும் பையன் அதை சார்ஜில் போடுவான். விற்கிற கடையே பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். காயலான் கடையில் போட்டால் தெருவோரத்தில் உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றுவார்கள். ஈயம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் போகும்.

படகைக் கரையிலேயே வைத்துவிட்டு, வீட்டிலிருந்து நாற்பது மீட்டர் ஒயர் இழுத்து சார்ஜ் போடுகிறேன். பேட்டரியைத் தூக்கினால் இடுப்பு போகிறது. (குளச்சல்)

இடுப்பு போவது புரிகிறது. 100 ஏ.ஹெச். பேட்டரி முப்பது கிலோவைத் தொடும். ஆனால் நீங்கள் இழுத்திருப்பது 230 வோல்ட்டை, ஆட்கள் வெறுங்காலோடு நடக்கும் ஈர மணலுக்கு. அந்த ஒயரில் நடுவில் ஒரு ஜாயின்ட் இருக்கும், அதற்கு மேல் டேப், அதற்கு மேல் ஒரு பாலித்தீன் பை, அதைக் கட்டிய சணல். நான் பார்க்காமலே சொல்கிறேன். இல்லை என்றால் எழுதுங்கள். பாலித்தீன் பை மழையை வெளியே நிறுத்துவதில்லை, உள்ளே வந்த ஈரத்தைத்தான் வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும்.

சின்ன சக்கர வண்டி ஒன்று வாங்குங்கள். அல்லது படகிலேயே ஒரு சோலார் பேனல் வைத்துவிடுங்கள், பலரும் இப்போது அதற்கு மாறிவிட்டார்கள். ஆனால் பேனலை நேராக பேட்டரியில் மாட்டக் கூடாது. “12 வோல்ட் பேனல்” என்று விற்பது வெயிலில் சும்மா நிற்கும்போது 21 வோல்ட் வரை காட்டும். நடுவில் அதை பேட்டரிக்கு ஏற்ற அளவில் நிறுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும்; பேட்டரிக்குப் பக்கத்திலேயே, பாசிட்டிவ் ஒயரில் ஒரு ஃபியூஸும் வேண்டும்.

ஆசிட் கையில் தெறித்தது. தேங்காய் எண்ணெய் தடவினோம். சரிதானே? (ஒரு வாசகி, கடலூர் தேவனாம்பட்டினம்)

சரியில்லை அம்மா. எண்ணெய் ஆசிட்டைக் கழுவாது. குழாயைத் திறந்து இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள், நனைந்த துணியைக் கழற்றிவிடுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து அதே இருபது நிமிஷம், பிறகு நேராக ஆஸ்பத்திரி. கண்ணில் சோடா உப்பு கரைத்து ஊற்றும் வேலையெல்லாம் வேண்டாம். சோடா உப்பு தரைக்கு: ஆசிட் சிந்திய இடத்தில் ஆப்ப சோடாவைத் தூவி, நுரைப்பது நிற்கும் வரை போட்டு, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

தெறித்ததற்குக் காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: சார்ஜ் போடும் முன் கழுத்து வரை ஊற்றியிருக்கிறீர்கள். சார்ஜ் ஏறும்போது அளவு உயரும், பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றுங்கள், மீதி சார்ஜ் முடிந்த பிறகு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். உங்கள் ஊர் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு பேட்டரிக்கு விஷம். ஆசிட் வாங்கி ஊற்றவே வேண்டாம், குறைவது தண்ணீர்தான்.

பேட்டரியைச் சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று அப்பா சொல்கிறார். (மணப்பாடு)

அவர் காலத்து மரப்பெட்டி, ரப்பர் பெட்டி பேட்டரிகளுக்கு அதில் உண்மை இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு இல்லை. எங்கே வைத்தாலும் தானாகக் கொஞ்சம் இறங்கும், வெயில் காலத்தில் கூடுதலாக இறங்கும். தடைக்காலத்தில் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். அப்பாவுக்காக ஒரு பலகை மேல் வையுங்கள், தரையில் ஆசிட் கறை படாது.

லித்தியம் பேட்டரி வாங்கியிருக்கிறேன், பாதி கனம்கூட இல்லை. பழைய சார்ஜரே போதுமா? (ஒரு தம்பி, காரைக்கால்)

போதாது. வாங்கியது எந்த லித்தியம் என்று முதலில் லேபிளைப் பாருங்கள். படகுக்கு ஏற்றது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) என்கிற வகை, நாலு செல், 12.8 வோல்ட், உள்ளே பி.எம்.எஸ். என்ற காவல் போர்டு. பழைய ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்து, ஷ்ரிங்க் கவர் போட்டு விற்கிறார்களே, அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். எல்.எஃப்.பி.க்கு 14.6 வோல்ட்டில் நிற்கும் அதற்கென்ற சார்ஜர் வேண்டும். தானாக நிற்காத பழைய சார்ஜரும், “டீசல்ஃபேஷன்” (ஈயத் தகட்டில் படிந்த சல்ஃபேட்டை நீக்குவது) என்று பட்டன் உள்ள சார்ஜரும் அதற்கு மேலே தள்ளும்; கடைசியில் பி.எம்.எஸ்.ஸை மட்டும் நம்பிக்கொண்டு இருப்பீர்கள்.

இதில் ஹைட்ரஜன் பொங்காது, ஆசிட் கிடையாது. அதற்காகக் கட்டிலுக்கடியில் வைக்கலாம் என்று இல்லை. லித்தியம் பற்றிக்கொண்டால் ஈரச் சாக்குப் போட்டு அணைக்கிற தீ இல்லை. புகையே ஆளைச் சாய்க்கும். வாசலிலும் மாடிப்படிக்கு அடியிலும் வைத்து சார்ஜ் போடாதீர்கள், ஓட வேண்டிய வழி அதுதான். பேட்டரி வீங்கினாலோ, சூடு கையில் தாங்காமல் போனாலோ சுவர் ஸ்விட்சை அணைத்து எல்லோரையும் வெளியேற்றி 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள்.

மருமகன் என் வீட்டில் படகு பேட்டரி சார்ஜ் போடுகிறான். கரண்ட் பில் ஏறுகிறது. எவ்வளவு இழுக்கும்? (பெயர் வேண்டாம் என்கிறார், நாகப்பட்டினம் பக்கம்)

100 ஏ.ஹெச். பேட்டரி முழுவதும் காலியாகி நிறைந்தால் 1.2 யூனிட், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பாதிதான் காலியாகும் என்றால் நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு அறுபது. இலவச யூனிட் போக மீதி உங்கள் பில்லை மேல் ஸ்லாபுக்குத் தள்ளலாம், அந்த வகையில் உங்கள் வருத்தம் நியாயம்தான். மருமகன் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறானா இல்லையா என்று எழுதவில்லையே ஐயா, அதைத் தெரிந்தால்தான் மீதிக் கணக்கைப் போட முடியும்.